பலகையில் ஏறாத பெயர்கள்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே வாலிபர் சார்பில் நிகழ்த்திய உரை)



வாலிபர் சார்பில் ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, சமயப் பொருளோ இலக்கியப் பொருளோ எடுத்துக்கொள்வோம் என்றே பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேச எம்மினும் தகுதியுடையோர் இந்த மேடையிலேயே இருக்கின்றார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் உதைபந்தாட்டம். பெரியோர் சிலர் புன்னகை புரிவது தெரிகின்றது. மாலை வேளையில் பந்தைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடு என்று எம்மை விரட்டியவர்கள் அவர்கள். இன்று ஒரு பொழுது மட்டும் பொறுத்தருள வேண்டும்.

1948ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆந் திகதி. இந்தத் திகதியைக் கண்டி வட்டாரத்தார் மறத்தலாகாது. அன்றுதான் இலண்டன் மாநகரில் வெம்பிளி விளையாட்டரங்கிலே, கண்டி திருத்துவக் கல்லூரியின் பழைய மாணவரான டங்கன் வைற் அவர்கள் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்தார். நாடு சுதந்திரம் அடைந்து ஆறு மாதங்கூட நிறையாத காலம் அது. அடுத்த பதக்கத்துக்கு 2000ஆம் ஆண்டில் சுசந்திகா ஜயசிங்க ஓடும்வரை நாம் காத்திருந்தோம். டங்கன் வைற்றின் பெயர் பாடசாலைச் சிறுவனுக்கும் தெரியும். தெரியத்தான் வேண்டும்.

அதே நாள், அதே இலண்டனின் மறுகோடியில் இல்போர்ட் என்னும் இடத்திலே இன்னொரு காரியமும் நடந்தது. சுதந்திர இந்தியாவின் உதைபந்தாட்ட அணி பிரான்சு நாட்டு அணியை எதிர்த்து ஆடியது. இந்திய வீரர்களிற் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். சிலர் பாதத்திலே துணிக்கட்டு மட்டும் சுற்றியிருந்தார்கள். பிரான்சு ஒரு கோல் அடித்து முன்னே நின்ற வேளையில், சாரங்கபாணி இராமன் என்னும் வீரர் பந்தை வலைக்குட் செலுத்திச் சமன் செய்தார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கிலே அடித்த முதற் கோல் அது. கிடைத்த தண்ட உதைகள் இரண்டையும் இந்திய அணியினர் தவறவிட்டனர். ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்கள் இருக்கையிற் பிரான்சு மீண்டும் ஒரு கோல் போட்டு இரண்டுக்கு ஒன்று என வென்றது.

ஒரே நாள், ஒரே நகர். ஒருவரை நாம் அறிவோம். மற்றவரை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அறிவீர்கள்? கையை உயர்த்துங்கள் என்று கேட்கப் போவதில்லை. இந்த உரைக்காகத் தேடத் தொடங்கும்வரை நாமும் அறிந்திலோம்.

நாம் கல்வி கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அதன் மண்டபத்துச் சுவரில் மரப்பலகைகள் தொங்கும். கிரிக்கெற் அணித் தலைவர்களின் பெயர்கள் ஆண்டு வரிசையிலே பொன்னெழுத்தில் இருக்கும். றகர் அணிக்கும் ஒரு பலகை உண்டு. உதைபந்தாட்டத்துக்குப் பலகை இல்லை. காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போதெல்லாம் அப்பெயர்களை வாசித்து வாசித்து மனனமாகிவிட்டது. உதைபந்தாட்ட அணியில் ஆடிய நாமோ எமக்கு முன் ஆடியவர் எவர் என்பதை அறியாமலே பாடசாலையை விட்டு வெளியேறினோம். அந்தப் பலகை மனத்திலே கிடந்து உறுத்தியதால் வந்த பேச்சுத்தான் இது.

மேனாடுகளிலே 'புகழ் மண்டபம்' என்று ஒன்று வைத்திருக்கின்றார்கள். பழைய வீரர்களைத் தேர்ந்து, அவர்தம் பெயரையும் உருவத்தையும் அங்கே வைப்பார்கள். நம்மவர்க்கு இது புதிதன்று. தில்லையிலும் ஆரூரிலும் அறுபத்துமூவரையும் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டவர்கள் நாம். அந்த வரிசையிலே அரசரும் இருக்கின்றார், குயவரும் இருக்கின்றார், வேடரும் இருக்கின்றார். விளையாட்டு மண்டபத்திலும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

அங்கே எவரெவரை வைக்கலாம் என்று கேட்டால், இல்போர்ட்டிற் கோல் அடித்த இராமனை முதலில் வைப்போம். அவரோடு சென்ற தலைவர் தலிமேரன் ஆவோ நாகர் மலையைச் சேர்ந்த மருத்துவர். அவரையும் வைப்போம். இந்த வெறுங்கால் வீரர்களைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு. சப்பாத்து இல்லாமல் ஆட விடவில்லையென்றே 1950ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு இந்தியா போகவில்லை என்று இன்றும் சொல்வார்கள். வீரர்மேற் பழி போடும் கதை அது. இந்தியச் சங்கத்தார் அன்று காட்டிய காரணங்கள் அணித் தெரிவில் எழுந்த பிணக்கும் பயிற்சிக்குக் காலம் போதாமையுமே. ஒலிம்பிக்கைப் பெரிதென்றும் உலகக் கிண்ணத்தைச் சிறிதென்றும் அவர்கள் எண்ணிய காலம் அது. பிழை மேசையில் நடந்தது. பழி காலுக்குப் போயிற்று.

அக்காலத்திற் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஐவர் முன்வரிசையில் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அத்தனை பேரும் தென்னாட்டார். வங்காளத்து இரசிகர்கள் இவர்களுக்குச் சூட்டிய பெயர் 'பஞ்ச பாண்டவர்'. பெங்களூர் முஸ்லிம் ஒருவரும் பாண்டவர், ஆந்திரத்து இந்து ஒருவரும் பாண்டவர்! 1949 முதல் 1951 வரை மூன்றாண்டும் தொடர்ச்சியாக ஐ.எப்.ஏ. கேடயத்தை அக்கழகம் கைப்பற்றியது. பள்ளிவாசற் பாங்கும் கோயில் மணியும் ஒரே காற்றில் வரும் அக்குறணையில் வாழும் எமக்கு அந்தப் பெயரைக் கேட்டபோது மனம் குளிர்ந்தது.

இனி, நாம் அதிகம் சொல்ல விரும்பும் ஒருவரிடம் வருகின்றோம். அவர் துளசிதாஸ் பலராம்.

1936ஆம் ஆண்டிலே சிக்கந்தராபாத் படைமுகாமை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், வறிய தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தார். ஐதராபாத்தில் சையது அப்துல் ரகீம் என்றொரு பாடசாலை ஆசிரியர் இருந்தார். இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டு விழாவில் 1951இலும் 1962இலும் தங்கம் பெற்றுத் தந்த பயிற்றுநர் இவரே. நாட்டுப்புற மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பலராமை இவர் கண்டார். நகரத்துக்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். வருவதற்குத் துவிச்சக்கரவண்டி வேண்டும். அதற்கு வழியில்லாத வீடு. அந்த வழியையும் ஆசிரியரே செய்து கொடுத்தார். சீடனைத் தேடிக் குரு வந்த கதைகளை நாம் புராணத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை.

1956ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக். கால் இறுதியில் அவுஸ்திரேலியாவை இந்தியா நாலுக்கு இரண்டு என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். நான்காவது கோல் 'கிட்டு' என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி அடித்தது. அரை இறுதியில் யூகோசிலாவியாவிடம் தோற்றாலும், ஆசிய நாடொன்று அந்த இடத்தை எட்டியது அதுவே முதன்முறை. அந்த அரை இறுதியிலேதான் பலராம் முதன்முதலாக நாட்டுக்காகக் களம் இறங்கினார்; வயது இருபது.

நாலாண்டு கழித்து 1960இல் உரோமாபுரி. இந்தியாவுக்கு எதிரே வந்தது ஹங்கேரி. புளோரியன் அல்பேர்ட் என்பவர் அந்த அணியிலே ஆடினார். 1967இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றவர் அவர். அப்படிப்பட்ட அணிக்கு எதிராக இந்தியா இரண்டுக்கு ஒன்று என்றே தோற்றது. அந்த ஒன்றை அடித்தவர் பலராம். அடுத்துப் பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று சமநிலை. பேரு நாட்டுடன் மூன்றுக்கு ஒன்று தோல்வி; அந்த ஒன்றும் பலராமுடையதே. அதற்குப் பின் இந்திய ஆடவர் உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுக்குச் சென்றதே இல்லை.

1962 செப்ரெம்பர் 4ஆந் திகதி, ஜக்கார்த்தா. ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டி. இசுரேலையும் தாய்வானையும் விழாவில் சேர்க்காமை பற்றி இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்துப் பேசியதால் அந்த நகரமே இந்தியர்மேற் கோபம் கொண்டிருந்தது. இலட்சம் பேர் கூடிய அரங்கில் இந்தியாவுக்கு எதிரான கூச்சல். தென்கொரியாவோ முதற் சுற்றில் இந்தியாவை இரண்டு கோல்களால் வென்ற அணி. தலையிற் பட்ட காயத்துக்குத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் என்னும் சீக்கிய வீரரைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் ரகீம். பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். இரண்டுக்கு ஒன்று என்று தங்கம் கிடைத்தது. அன்று முன்வரிசையில் ஆடியவர்களில் பலராமும் ஒருவர். அதே விழாவில் யப்பானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். நோயோடு நின்று பயிற்றிய ரகீம் ஆசிரியர் அடுத்த ஆண்டு யூன் மாதம் புற்றுநோயாற் காலமானார்.

சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் என்று மூவரையும் சேர்த்தே அக்காலத்தார் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் எமக்கு மனத்தாங்கல். கோஸ்வாமிக்கு 1983இற் பத்மஸ்ரீ வந்தது. பானர்ஜிக்கு 1990இல் வந்தது. பின்னர் உலகச் சம்மேளனத்தின் விருதும் வந்தது. இருவரும் தகுதியுடையோரே, அதில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை. மூன்றாமவருக்கு 1962இல் அருச்சுனா விருது கிடைத்தது. பத்மஸ்ரீ வரவில்லை. நுரையீரல் நோய் வந்து, இருபத்தேழாம் வயதிலே அவர் ஆட்டத்தை விட்டார். மணம் முடிக்கவில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலே தனியாக வாழ்ந்து, 2023 பெப்ரவரி 16ஆந் திகதி காலமானார். தெலுங்கு நாட்டிற் பிறந்த தமிழர், வங்காளத்தில் வாழ்ந்தவர். தெலுங்கர் அவரை வங்காளத்தார் என்றெண்ணினர். வங்காளத்தார் தெற்கத்தியார் என்றெண்ணினர். தமிழராகிய நாமோ எண்ணவேயில்லை. உரிமை கொண்டாட ஓர் ஊர் இல்லாத வீரனுக்குப் பலகை எழுதுவது யார்?

ஜக்கார்த்தாவிலே கோலைக் காத்தவர் பீற்றர் தங்கராஜ். அவரும் ஐதராபாத் பக்கத்துத் தமிழரே. ஆறடிக்கு மேல் உயரம். நீலகிரித் தேயிலை மலையிலுள்ள வெலிங்டனில், மதராஸ் படைப்பிரிவிற் சேர்ந்தார். முதலில் முன்வரிசையில் ஆடியவர். பின்னரே கோல் காப்பாளர் ஆனார். படையணி 1955இலும் 1958இலும் டியூரண்ட் கிண்ணத்தை வென்றது. இரண்டாம் முறை இவரே தலைவர். ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்று பெயர் பெற்றவர். 1967இல் அருச்சுனா விருது. 2008இல் பொக்காரோ என்னும் உருக்காலை நகரில் இறந்தார். அவரது இறுதிக்காலம் பற்றி அறிந்தவர் எம்மிடையே ஒருவரும் இல்லை. 2024இல் 'மைதான்' என்றொரு இந்திப்படம் வந்தது. ரகீம் ஆசிரியரின் கதை. அதைப் பார்த்த பின்னரே எம் நண்பர்கள் சிலர் தங்கராஜ் என்றொருவர் உண்மையில் இருந்தாரா என்று கேட்டார்கள்!

காலம் கடந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்பீர்களாயின், ஆதர் வோற்றன் கதையைக் கேளுங்கள். 1865இல் ஆபிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் அக்ரா நகரிற் பிறந்தவர். மதப் பிரசாரகராகப் பயில்வதற்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். (மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள் எல்லாரும் மிஷன் எதிர்பார்த்தபடி ஆவதில்லை என்பதற்கு இந்த மேடையில் நிற்கும் நாமும் சாட்சி.) அவர் போன இடத்தில் நூறு யார் தூரத்தைப் பத்து வினாடியில் ஓடினார், கோல் காப்பாளராகி, கறுப்பினத்தவரில் முதலாவது தொழின்முறை வீரர் என்ற இடத்தைப் பெற்றார். 1930இல் வறியவராக இறந்து, பெயர்க்கல் இல்லாத புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார். 1997இற் சிலர் தேடிப் பிடித்து அங்கே கல் நாட்டினார்கள். 2003இல் இங்கிலாந்தின் புகழ் மண்டபத்திலே அவர் பெயர் ஏறியது. இறந்து எழுபத்துமூன்று ஆண்டுகளின் பின்! ஆகவே, காலம் கடந்துவிட்டது என்று கையை விரிக்க எமக்கு உரிமை இல்லை.

இவர்கள் எல்லாரும் வேற்று நாட்டார். மாத்தளை வீதியோரத்து அக்குறணையில் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று பெரியோர் கேட்கலாம். கேட்கவேண்டும் என்றே விரும்புகின்றோம்.

நாம் தொடங்கிய 1948ஆம் ஆண்டுக்கே திரும்புவோம். டங்கன் வைற் பதக்கம் வென்ற அதே ஆண்டிலேதான் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழரிற் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆயினர். 1952இலே கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டி தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் அது இரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் நடந்தது. தேயிலை மலையில் எவ்வளவு திறமையான ஆட்டக்காரன் இருந்தாலும், பிரசாவுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? கடவுச்சீட்டு இல்லாதவனுக்கு இரங்கூன் ஏது? பலராம் வறியவர்தான். ஆனால் துவிச்சக்கரவண்டி ஒன்று கிடைத்ததும் அவருக்கு வழி திறந்தது. நம்மவனுக்குத் துவிச்சக்கரவண்டி கிடைத்தும் பயன் இல்லை.

சென்ற ஆண்டு, இந்தச் சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் வீட்டுக்குச் சந்தாப் பணம் வாங்கப் போனோம். இன்று அவரும் இங்கே இருக்கின்றார். பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளை. அவர் வீட்டுச் சுவரிற் பழைய படம் ஒன்று தொங்கியது. பதினொரு வாலிபர்கள், நடுவிலே ஒரு பந்து. சப்பாத்து ஒருவர் காலிலும் இல்லை. ஒருவர் கணுக்காலில் மட்டும் துணி சுற்றியிருக்கின்றது. எம் நண்பன், "ஐயா, இது யாரு?" என்று கேட்டான்.

"எங்க தோட்டத்து டீம் தம்பி. போகம்பரை கிரவுண்டு வரைக்கும் வந்து ஆடியிருக்கோம்" என்றார்.

"சப்பாத்து இல்லாமலா ஐயா?"

"கொழுந்து ஏத்துற லொறியில வருவோம். சப்பாத்துக்கு எங்க போறது? முதல் பாதியில கல்லு குத்தும். ரெண்டாவது பாதியில குத்துறது தெரியாது."

பெயர்களைக் கேட்டோம். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். "இவன் இந்தியாவுக்குப் போயிட்டான். இவனும் போயிட்டான். இவன் கோத்தகிரிப் பக்கம்னு கடுதாசி போட்டான், அப்புறம் இல்ல." 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு அரசாங்கமும் இணங்கின. பதினொருவர் கொண்ட அந்த அணியில் ஆறு பேர் அப்படிப் போனவர்கள். கோத்தகிரி எங்கே இருக்கின்றது? தங்கராஜ் கோல் காக்கப் பழகிய அதே நீலகிரியில். அந்த ஆறு பேரில் எவராவது அந்த மலையில் மீண்டும் பந்தை உதைத்தார்களா என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பெயர்களைக் கொப்பியில் எழுதத் தொடங்கியதும் பெரியவர் தடுத்தார். "தம்பி, பேர எழுதி வச்சா என்ன வந்திடப் போகுது? நாங்க ஒரு கப்பும் வெல்லலையே" என்றார். அவருக்கு நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில், பிங்கா ஓயாப் பாலத்தடியில் நின்று நெடுநேரம் பேசினோம். 1996இல் உலகக் கிண்ணம் வென்ற கிரிக்கெற் அணியின் பதினொருவரையும் எம்மிற் பலர் வரிசை மாறாமற் சொல்வோம். அதற்கு ஓராண்டு முன்னே, 1995இல் கொழும்பிலே இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தை வென்றது இலங்கையின் உதைபந்தாட்ட அணி. கிண்ணம் வென்றவர்களையே நாம் நினைப்பதில்லை. அப்படியானால் பெயர் நிலைப்பதற்குக் கிண்ணம் காரணம் அன்று. எவரோ ஒருவர் இருந்து எழுதுவதே காரணம்.

எனவே ஒரு கொப்பி வாங்கினோம். எண்பது பக்கக் கொப்பி. விலை உயர்ந்ததன்று. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, அலவத்துகொடை, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள் என்று இவ்வட்டாரத்தில் ஆடிய பழையவர்களின் பெயர், ஊர், அணி, ஆடிய இடம், தெரிந்த ஆண்டு ஆகியவற்றை அதில் எழுதி வருகின்றோம். இந்து, முஸ்லிம், சிங்களவர், கிறிஸ்தவர் என்று பார்ப்பதில்லை. அக்குறணையிலே பந்தாடியவர்களை அப்படிப் பிரித்து எழுதுவதற்கும் வழியில்லை. ஓர் அணிக்குள்ளேயே எல்லாரும் இருந்திருக்கின்றார்கள். இதுவரை இருபத்துமூன்று பெயர்கள் சேர்ந்துள்ளன. ஒருவருக்கு அணியின் பெயர் நினைவில் இல்லை. உடுப்பின் நிறம் மட்டும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டோம்.

அடுத்த போயா தினத்திலே காலை ஒன்பது மணி முதல் வாசிகசாலையிற் கொப்பியோடு இருப்போம். பெரியோர்கள் வந்து சொல்லவேண்டும். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாமே வீடு தேடி வருவோம். பழைய படங்கள் இருந்தால், கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். ஒன்றையும் எடுத்துப்போக மாட்டோம்.

அந்தத் தோட்டத்து அணியின் படத்தைப் பெரியவர் இன்று கொண்டு வந்திருக்கின்றார். வாசலருகே மேசையில் வைத்திருக்கின்றோம். பதினொருவரில் ஒன்பது பேரின் பெயர் அவருக்கு நினைவிருக்கின்றது. முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாகக் குந்தியிருப்பவர், பின்வரிசையிற் கடைசியாக நிற்கும் நெட்டை வாலிபர், கணுக்காலிலே துணி சுற்றியவர் அவர்தான், இந்த இருவரின் பெயர்தான் தெரியவில்லை. தேநீர் அருந்தப் போகுமுன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். மேசையிற் பென்சில் இருக்கின்றது.